அளந்து பேசு

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. பள்ளி நாட்களில் இதைச் சிக்கனத்துக்குச் சொன்ன பழமொழி என்றே நினைத்திருந்தேன். அளக்காமல் பேசிய ஒரு பேச்சினால் இன்னொருவருடைய இரண்டு நாள் கூலி போகும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில்தான் அறிந்தேன். அதைச் சக மாணவ நண்பர்களுக்கும், எனக்கு அளக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியப் பெருமக்களுக்கும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டையை அடுத்த ஒரு சிற்றூர். ஒருபுறம் போதமலை, மறுபுறம் கொல்லிமலை. என் தந்தைக்கு இரண்டு ஏக்கர் நிலம் உண்டு. அதில் பெரும்பகுதி குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிதான். அதை அரைத்துத்தான் நம் சேலம், நாமக்கல் வட்டாரத்து ஆலைகள் சவ்வரிசி செய்கின்றன. சேலம் சவ்வரிசிக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் ஊரிலும் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

கிழங்குக்கு எடை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. அதிலுள்ள மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' என்று கணக்கிட்டு, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை வைப்பார்கள். நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் தந்தையுடன் டிராக்டரில் ஆலைக்குப் போயிருந்தேன். கூடையில் கொஞ்சம் கிழங்கை எடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தி எடை பார்த்துவிட்டு, "இருபத்திநாலு பாயிண்ட்" என்றார் அங்கிருந்தவர். எங்கள் வரப்பை ஒட்டிய காட்டுக் கிழங்குக்கு முந்தின வாரம் வேறோர் ஆலையில் இருபத்தேழு கிடைத்திருந்தது. தந்தை ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில், "ஏப்பா கேக்கல?" என்றேன். "அளக்கறவன் அவன், கேட்டுக்கறவன் நாம. நமக்கென்ன தெரியும் கண்ணு? நீ படிச்சு வந்து கேளு" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னை இங்கே அனுப்பிவைத்தது அந்த ஒரு சொல்தான்.

இரண்டாமாண்டில் வலையமைப்புப் பாடம் வந்தது. ஆய்வகத்தில் எங்கள் பேராசிரியர் இரண்டு கணிப்பொறிகளை ஒரு சுவிட்ச் வழியாக இணைத்துவிட்டு, "இந்தப் பாதையின் வேகம் என்ன?" என்று கேட்டார்.

"நூறு மெகாபிட், ஐயா" என்றோம்.

"யார் சொன்னது?"

"பெட்டியின்மேல் எழுதியிருக்கிறது, ஐயா."

"மூட்டையின்மேல் ஐம்பது கிலோ என்று எழுதியிருந்தால் எடை போடாமல் வாங்கிக்கொள்வீர்களா?" என்றார். வகுப்பே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை; எனக்கு அந்தக் கிழங்குக் கூடை நினைவுக்கு வந்தது.

அன்றுதான் 'ஐபெர்ஃப்' என்னும் மென்பொருளை எங்களுக்கு அறிமுகம் செய்தார். அதன் வேலை மிக எளிது. ஒரு கணிப்பொறியில் அதைச் சர்வராகக் காத்திருக்கச் செய்ய வேண்டும். மற்றொன்றிலிருந்து அந்த முகவரிக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். பத்து விநாடி நேரம் இடைவிடாமல் தகவலை வாரி இறைக்கும். அதில் படமும் இல்லை, பாட்டும் இல்லை, பொருளற்ற பிட்டுகள்தான். ஒரு நினைவகத்திலிருந்து புறப்பட்டு மற்றொரு நினைவகத்தில் போய் விழும், வட்டில் எழுதுவதில்லை. ஆகவே வட்டின் மந்தமோ, ஏதோ ஒரு இணையதளத்தின் கூட்டமோ கலக்காமல், இடையிலுள்ள பாதை எவ்வளவு தாங்கும் என்பது மட்டும் தெரிகிறது. விநாடிக்கு ஒரு வரியாகக் கணக்கு எழுதிக் கடைசியில் சராசரியும் சொல்லிவிடும்.

எங்கள் கணக்கு 94 என்று நின்றது. மீண்டும் ஓட்டினோம், மீண்டும் 94. "மீதி ஆறு எங்கே போனது?" என்று கேட்டோம். எடை மேடையை உவமையாகச் சொன்னார் பேராசிரியர். நாமக்கல்லில் எடை மேடையை அறியாதவர் யார்? லாரியைச் சரக்கோடு நிறுத்தினால் ஓர் எடை; வெறும் வண்டிக்கு ஓர் எடை. சரக்கு என்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அதுபோல, ஒவ்வொரு பொட்டலமும் 1448 பைட் சரக்கைச் சுமக்கிறது. முகவரிகள், பிழை காணும் குறிப்பு, பொட்டலங்களுக்கு நடுவே விடும் இடைவெளி எல்லாம் சேர்ந்து கம்பியில் 1538 பைட் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. வகுத்துப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு! ஆறு எங்கும் களவு போகவில்லை; அது வண்டியின் எடை. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஓர் எண்ணை இப்படி அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று யாரும் எனக்கு அதுவரை சொன்னதில்லை.

இக்கருவிக்கு ஒரு வமிசாவளியே உண்டு. அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர், வலையமைப்பில் கண்ட ஒரு கோளாறின் காரணத்தைத் தேடி, 1983 டிசம்பரில் 'பிங்' என்னும் சிறு நிரலை எழுதினார். நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்க ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பார்கள் அல்லவா? அந்த ஓசையின் பெயரையே அதற்கு வைத்தார். பிங் போய்வரும் நேரத்தைச் சொல்லும். எவ்வளவு சரக்குப் போகும் என்று சொல்லாது. அதை அளக்க அவரும் டெரி சிலாட்டரி என்பவரும் 'டி.டி.சி.பி.' என்னும் நிரலை ஆக்கினார்கள். அவ்வழியில் வந்ததே, அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ஐபெர்ஃப். இன்று நாம் ஆய்வகத்தில் பயன்படுத்தும் மூன்றாம் பதிப்பை லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த 'ஈ.எஸ்.நெட்' குழுவினர் முதலிலிருந்து புதிதாக எழுதினர். எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம். எப்படி எழுதப்பட்டது என்றும் படித்துப் பார்க்கலாம். அளவுகோலை ஒளித்து வைக்காத இந்தப் பண்பே என் மனத்தை மிகவும் கவர்ந்தது.

நம் நாட்டில் எர்நெட் என்னும் கல்வி வலையமைப்பு 1986இல் தொடங்கியது, சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் ஓர் அங்கம். பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் வந்தது. 2004இல் விநாடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அதற்கு 'பிராட்பேண்ட்' என்று பெயர். 2013இல் அது 512 ஆயிற்று. 2023 முதல் குறைந்தது 2 மெகாபிட் வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் இணையத்தைக் கொண்டு செல்லும் பணிக்கென்றே 2018இல் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் அமைக்கப்பட்டது. ஊருக்கு இணையம் வருவது ஒன்று. வந்தது முழுமையாக நம் மேசைவரை வந்து சேருகிறதா என்பது வேறொன்று. என் கதை இந்த இரண்டாவதைப் பற்றியது.

எங்கள் ஊர்க் கடைவீதியில் ஓர் அக்கா சிறு இணைய மையம் வைத்திருக்கிறார். சான்றிதழ், கல்லூரி விண்ணப்பம், மின்கட்டணம் எல்லாம் அங்கேதான். விடுமுறை நாட்களில் நான் அங்கே கூடமாட வேலை செய்வேன். ஒரு சிறு கேபிள் இணைப்பாளரிடம் வாங்கிய 40 மெகாபிட் இணைப்பு அங்கு உண்டு. இணைப்புப் பெட்டி பின்கட்டில், அக்காவின் வீட்டில் இருந்தது. தைப்பொங்கல் விடுமுறையில் கணிப்பொறியைக் கடையின் முன்பகுதிக்கு மாற்றியபோது, பெட்டியிலிருந்து கடைவரை முப்பது மீட்டர்க் கம்பி இழுத்து, இரு முனைகளிலும் நானே செருகி பொருத்தினேன். சோதிக்கும் கருவியில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்தன. "நம்ம தம்பி இஞ்சினீயரே ஆயிட்டாரு" என்று அக்கா எல்லோரிடமும் சொன்னார். நானும் மறுக்கவில்லை.

மே மாதம் கல்லூரி விண்ணப்பக் காலம் வந்தது. கடையில் கூட்டம். பக்கம் திறக்கும், அடுத்த பக்கத்துக்குப் போகாமல் சுற்றிக்கொண்டே நிற்கும். "வெளிலைன் சரியில்லைங்கக்கா" என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதினேன். லைன் பார்க்கும் அண்ணன் வெயிலில் மூன்றுமுறை வந்தார். கம்பத்தில் ஏறிப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குதுங்க தம்பி. உள்ள போற ஒயர ஒருக்கா பாருங்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "அண்ணா, நான் கம்ப்யூட்டர் படிக்கிறேன். எனக்குத் தெரியாதா?" என்றேன். அதோடு விட்டேனா? அவருடைய முதலாளிக்கே போன் போட்டு, உங்கள் ஆள் பார்க்காமலே பார்த்ததாகச் சொல்கிறார் என்று புகார் செய்தேன். அவருக்கு இரண்டு நாள் கூலி பிடிக்கப்பட்டது என்று பிறகு தெரிந்தது.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மாலை, காட்டு வேலை முடித்த கையோடு ஒரு தாய் தம் மகளை அழைத்து வந்தார். அந்தப் பெண்ணும் தன் வீட்டில் முதலாவதாகக் கல்லூரிக்குப் போக இருப்பவள். பக்கம் சுற்றியது, நின்றது, மறுபடி முதலிலிருந்து. இரவு ஒன்பதாயிற்று. "எங்க புள்ளைக்கு நம்பர் வந்துருமா தம்பி?" என்று அந்தத் தாய் நாலு தடவை கேட்டார். கடைசியில் என் கைப்பேசியின் இணைப்பைக் கொண்டு, பத்தேமுக்கால் மணிக்கு விண்ணப்ப எண்ணை வாங்கிக் கொடுத்தோம். அவர்கள் இருட்டில் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 'உள்ள போற ஒயர ஒருக்கா பாருங்' என்ற குரல் அப்போதுதான் காதில் சரியாக விழுந்தது.

மறுநாள் நண்பனிடம் லேப்டாப் இரவல் வாங்கிக்கொண்டு போனேன். ஆய்வகத்தில் கற்றபடி பாதையைத் துண்டு துண்டாக்கி அளக்கத் தொடங்கினேன். முதலில் லேப்டாப்பைச் சிறு கம்பியால் நேரே பெட்டியில் இணைத்து, பொதுப் பயன்பாட்டுக்கு விட்டிருக்கும் ஓர் ஐபெர்ஃப் சர்வரை நோக்கி அளந்தேன். அது ஒரே நேரத்தில் ஒருவருக்குத்தான் பதில் சொல்லும் என்பதால் முதலில் 'வேறொருவர் சோதித்துக்கொண்டிருக்கிறார், பிறகு வாருங்கள்' என்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். 37, 38, 38 என்று வரிசையாக வந்தது. 40 மெகாபிட் இணைப்புக்கு இது நியாயமான கணக்கு. வெளிலைனில் ஒரு குற்றமும் இல்லை.

கைகால் சில்லிட்டது. அடுத்து, கடைக் கணிப்பொறியைச் சர்வராக வைத்து, லேப்டாப்பிலிருந்து என் முப்பது மீட்டர்க் கம்பி வழியாக அனுப்பினேன். 4, 2, 0, 3, 5. கணிப்பொறியின் மூலையில் '100' என்றுதான் எழுதியிருந்தது. மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் அப்படியே. மறுஅனுப்பல் பத்தியில் நூற்றுக்கணக்கில் எண் ஏறியது. பிறகு திசையைத் திருப்பி, கடையிலிருந்து பெட்டிப் பக்கம் அளந்தேன். அறுபதைத் தாண்டியது! ஒரே கம்பியில் போக ஒரு கணக்கு, வர ஒரு கணக்கு என்றால், உள்ளே ஓடும் ஜோடிகளில் ஏதோ ஒன்றில்தான் கோளாறு.

செருகியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்தக் கம்பியில் எட்டு இழைகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். ஜோடியாக முறுக்கிக்கொண்டு போவதால்தான் வெளி இரைச்சல் இரண்டு இழைகளிலும் சமமாக விழுந்து கழிந்துபோகிறது. முறைப்படி, மூன்றாம் ஊசிக்குப் போகும் பச்சை இழையின் ஜோடி ஆறாம் ஊசிக்குப் போக வேண்டும். நடுவில் நீல ஜோடி இருக்க வேண்டும். பொங்கலின்போது அந்தப் பாடம் எனக்கு வந்திருக்கவில்லை. கேட்கவும் இல்லை. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக அழகாக அடுக்கிவிட்டேன். இரு முனையிலும் ஒரே அடுக்கு என்பதால் விளக்கு எட்டும் எரிந்தன. ஆனால் மூன்றும் ஆறும் வெவ்வேறு ஜோடியின் இழைகள். ஒன்றுக்கொன்று துணை இல்லை. பொட்டலங்கள் வழியிலேயே சிதைந்தன. சிதைந்ததை நெரிசல் என்று எண்ணிக்கொண்டு அனுப்பும் கணிப்பொறி தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

இரு செருகிகளையும் வெட்டி எறிந்து, முறைப்படி மாற்றிப் பொருத்தி மறுபடியும் அளந்தேன். 94. ஆய்வகத்தில் மகிழ்ச்சி தந்த அதே எண். அன்று அது என்னைப் பார்த்துச் சிரித்தது.

இரவு தந்தையிடம் சொன்னேன். கம்பி, ஜோடி எல்லாம் அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, நடந்தது புரிந்துவிட்டது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அப்ப அந்தப் பையனுக்கு நீயும் மில்லுக்காரன் ஆயிட்டயா கண்ணு?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார்.

விடிந்ததும் அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஏணியை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது என்று சொல்லி, நான் கடையில் சம்பாதித்ததிலிருந்து இரண்டு நாள் கூலியை நீட்டினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பணம் கெடக்குதுங்க தம்பி. நானு பத்தாவதோட நின்னவன். நீங்க படிச்சவரு சொன்னா முதலாளி நம்புவாரு. அதுதான் சங்கட்டமா இருந்துச்சு" என்றார். அவர் எதிரிலேயே முதலாளிக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். "சரி, விடுங்க தம்பி, ஆனது ஆச்சு" என்று வைத்துவிட்டார். ஒரு புகாரைச் சொன்னபோது அவ்வளவு அக்கறையாகக் கேட்டவருக்கு, அதைத் திரும்பப் பெறும்போது கேட்க நேரமில்லை. சொல்லிவிட்ட சொல்லை முழுதாகத் திரும்ப எடுக்க முடியாது என்று அன்று கண்டேன்.

நான் கிளம்பும்போது அந்த அண்ணன், "அது என்னமோ அளந்தீங்கன்னீங்களே, அது செல்போன்லயும் வருங்களா?" என்று கேட்டார். வரும் என்றேன். அரை மணி நேரம் உட்கார்ந்து அவர் கைப்பேசியில் அதை நிறுவி, எண்களைப் படிக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தேன். 40 மெகாபிட் என்றால் கோப்பு இறங்கும்போது ஏன் 5 மெகாபைட் என்று காட்டுகிறது, எட்டுப் பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்பதால்தான் என்றேன். "அட, இதுக்கே எத்தன பேரு எங்கிட்டச் சண்டைக்கு வந்திருக்காங்க!" என்று முதன்முறையாகச் சிரித்தார். இனி யாராவது "நெட் ஸ்லோ" என்று அவரைக் குற்றம் சொன்னால், அவர் கையிலும் ஓர் அளவுகோல் இருக்கிறது.

நண்பர்களே! நம்மில் பலர் என்னைப்போல் வீட்டின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள். ஊரில் நம் சொல்லுக்கு இப்போதே ஒரு மதிப்பு உண்டாகிவிட்டது. நாம் படித்தோம் என்பதற்காக நம்பிவிடுகிறார்கள். ஆகவே நாம் வாய் திறக்குமுன் கொஞ்சம் அளந்து பார்க்கக் கடமைப்பட்டவர்கள். ஐபெர்ஃப் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: எங்கிருந்து எதுவரை அளந்தோம் என்று சொல்லாத எண் எண்ணே அல்ல, ஒருமுறை அளந்தது போதாது, போகும் திசையோடு வரும் திசையையும் பார்க்க வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் நாம் இழுத்த கம்பியை அளக்க வேண்டும்.

வரும் மாசியில் எங்கள் காட்டில் கிழங்கு வெட்டு. தந்தையுடன் ஆலைக்குப் போவதாக இருக்கிறேன். காற்றில் எடை எவ்வளவு, தண்ணீரில் எடை எவ்வளவு, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்கப் போகிறேன். சண்டைக்காக அல்ல. புறப்படுமுன் வீட்டிலேயே ஒரு தராசும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்து நாங்களும் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுத்தான் போவோம்.